ஜன்னலுக்கு வெளியே நின்ற சாட்சி

மார்ச் 3

அன்புள்ள அண்ணனுக்கு,

பல வருடங்களுக்கு முன்பு ஏழாம் வகுப்பில் ஒரு பெண் என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். மேசைமேல் கண்ணாடிக் குடுவையில் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் காட்டிக்கொண்டிருந்தேன். கடைசி பெஞ்சிலிருந்து எழுந்து, "டீச்சர், தண்ணி கொதிச்சதை முன்னாடி இருக்கறவங்கதான் பார்த்தாங்க. எனக்கு இவ தலைதான் தெரிஞ்சுது. நான் நோட்டுல 'தண்ணீர் கொதித்தது'ன்னு எழுதலாமா?" என்றாள். மணி அடிக்க ஐந்து நிமிடம்தான் இருந்தது. "நான்தான் சொல்றேனே, எழுதிக்கோ" என்று உட்காரவைத்துவிட்டேன். அவள் முகத்தில் திருப்தி இல்லை. அந்தக் கேள்வி இப்போது சுற்றிவந்து என் வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறது.

போன மாதம் என் வீட்டுக்காரருக்கு வலது கண்ணில் புரை எடுத்தார்கள். நன்றாக இருக்கிறார். கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு வில்லன்போல வீட்டில் உலவுகிறார். ஆஸ்பத்திரி கவுன்ட்டரில் இருந்த பெண், "பேஷண்டுக்கு நீங்க என்ன வேணும்மா?" என்றாள். மனைவி என்றேன். "கல்யாணச் சான்றிதழ் ஏதாவது?" இல்லை என்றேன். நல்ல பெண். என் முகத்தைப் பார்க்கக் கூசிக்கொண்டே, 'உறவு' என்ற கட்டத்தில் 'தெரிந்தவர்' என்று எழுதினாள்.

முப்பத்தெட்டு வருடம் ஒரே சமையலறை, ஒரே மகள், ஒரே கடன், ஒரே கொசுவலை. தெரிந்தவர்! அவரோ சிரித்துக்கொண்டே, "தப்பில்லையே. என்னை முழுசாத் தெரிஞ்ச ஒரே ஆள் நீதானே" என்றார்.

எங்கள் கல்யாணம் எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும். மந்திரம் இல்லை, மதகுரு இல்லை, மாலை, மோதிரம், தாலி எதுவும் இல்லை. தட்டச்சு நிலையத்தில் மேசைகளை ஓரம் தள்ளிவிட்டு, பதினோரு பேர் முன்னால் மூன்று வாக்கியம் சொல்லிக்கொண்டோம். அப்போதிருந்த சட்டத்துக்கு அது கல்யாணமே இல்லை. பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டை நினைத்துக்கொள்ளுங்கள். பிள்ளை வகுப்பில்தான் உட்கார்ந்திருக்கிறாள், பாடம் கேட்கிறாள், பரீட்சையும் எழுதுகிறாள். பதிவேட்டில் பெயர் ஏறாததால் வரவே இல்லை என்கிறார்கள். இந்த வருடச் சட்டம் அந்தப் பதிவேட்டைத் திருத்தச் சொல்கிறது. எந்தச் சடங்கும் இல்லாத கல்யாணமும் இனிக் கல்யாணம். பழையதையும் பழைய தேதியிலேயே பதியலாம். அன்று நேரில் இருந்த இரண்டு பேர் சாட்சி சொல்ல வேண்டும். ஜூன் முப்பதுக்குள்.

பதினோரு பேரில் சாட்சி சொல்ல ஒருவர்தான் மிச்சம்: நிலையத்தை நடத்திய டைப்பிஸ்ட் அக்கா. எண்பத்தொரு வயது, நினைவு கத்திபோல இருக்கிறது. மற்றவர்களில் பலர் போய்விட்டார்கள், சிலர் எங்கே என்றே தெரியவில்லை. தேடிப் பிடித்த ஒருவருக்கோ தன் பெயரே நினைவில்லை.

பன்னிரண்டாவது ஆளை எனக்குத் தெரியும், அண்ணா. தெருப்பக்கம், மூன்றாவது ஜன்னல். நில அளவு வேலைக்குப் போடும் உங்கள் தொப்பியும், தோளில் சாய்த்த அளவுக்கருவி முக்காலியின் பித்தளை நுனியும். இதுவரை நான் சொன்னதில்லை. நீங்களும் சொன்னதில்லை. சாட்சிப் படிவத்தை இதோடு வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போட வருவீர்களா?

உங்கள் தங்கை


மார்ச் 14

தங்கைக்கு,

கடிதம் கிடைத்தது. போனில் பேசாதது நல்லது. இந்தக் காதுக்குப் போனில் பாதிதான் விழுகிறது. அன்று காது நன்றாக இருந்தது, அதையும் சொல்லிவைக்கிறேன்.

நின்றது உண்மை. "அந்த வாசற்படியை மிதிக்க மாட்டேன்" என்று அப்பாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். ஜன்னலைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை.

ஆனால் கையெழுத்துப் போட முடியாது. அப்பா போய் இருபது வருடம் ஆகிறது, அவருக்காக இல்லை. கோபமும் இல்லை. நீ சொன்ன மூன்று வாக்கியமும் என் காதில் விழுந்தன, இன்றும் சொல்வேன். ஆனால் படிவம் கேட்பது உன் ஒருத்தியைப் பற்றி மட்டும் இல்லையே. முப்பத்திரண்டு வருடம் நிலம் அளந்தவன் நான். இல்லாத எல்லைக்கல்லை இருக்கிறது என்று ஒரு நாளும் வரைந்ததில்லை.

காரணம் கேட்காதே. இத்தனை வயதுக்கு மேல் அதைக் கிளறி யாருக்கு லாபம்? புதுச் சட்டப்படி புதுத் தேதியில் பதிந்துகொள்ளுங்கள். செலவு என்னுடையது.

உன் அண்ணி பக்கத்தில் நின்று, "தங்கச்சி கேட்டது ஒரு கையெழுத்து, கிட்னி இல்ல. போட்டுக் குடுங்க" என்கிறாள். அவளுக்கு எல்லாம் சுலபம்.

அண்ணன்


மார்ச் 22

அன்புள்ள அண்ணனுக்கு,

அண்ணியை ஒருமுறை கட்டிப்பிடிக்க வேண்டும்போல இருக்கிறது, நான் பக்கத்தில் இல்லை. நீங்கள் செய்யுங்கள்.

டைப்பிஸ்ட் அக்காவோடு பதிவு அலுவலகத்துக்குப் போனேன். அதிகாரி சின்னப் பெண். மேசைக்கு அடியில் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தாள். நீங்கள் சொன்ன வழியைத்தான் அவளும் சொன்னாள். "இன்னொரு சாட்சி கிடைக்கலேன்னா கவலைப்படாதீங்க டீச்சர். புதுசா ஒரு தேதி போட்டுடலாம். அஞ்சு நிமிஷ வேலை." வீட்டுக்கு வந்து அவரிடம் சொன்னேன். "புதுசாவா? அப்போ நான் யோசிச்சுதான் சொல்லணும்" என்றார். மகளிடம் சொன்னேன். முப்பத்து நாலு வயசாகிறது அவளுக்கு. "உங்க கல்யாணத்துக்கு நான் வர்றதாம்மா? சாப்பாட்டு நேரத்துக்கு வேணா வரேன்" என்றாள்.

சிரித்தோம். ஆனால் எனக்குப் புதுத் தேதி வேண்டாம். ஒரு பிள்ளை நீண்ட கணக்கை வரி வரியாகப் போட்டு, நடுவில் நாலு இடத்தில் அடித்துத் திருத்தி, கடைசியில் சரியான விடைக்கு வந்து நிற்கிறாள். அவளிடம், "விடை சரி, ஆனா இந்தத் தாள் செல்லாது. புதுத் தாள்ல விடையை மட்டும் எழுது" என்றால் என்ன செய்வாள்? விடை ஒன்றுதான். ஆனால் அவள் உழைத்தது அந்தப் பழைய தாளில். எனக்கு அடித்தல் திருத்தலோடு அந்தத் தாள்தான் வேண்டும்.

அடுத்தது, நீங்கள் கேட்காதே என்று சொன்ன காரணம். நீங்கள் எங்கள் வீட்டுக்கு மூன்று தடவை வந்திருக்கிறீர்கள். மூன்று தடவையும் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்போல நாற்காலி நுனியில்தான் உட்கார்ந்தீர்கள். அவர் "வாங்க மச்சான்" என்றால், நீங்கள் "சௌக்கியமா?" என்று சுவரைப் பார்த்துக் கேட்பீர்கள். இத்தனை வருடத்தில் ஒரு தடவை அவரை "மாப்பிள்ளை" என்று கூப்பிட்டதில்லை. என்னிடம் எழுதினாலும் 'அந்தப் பல்லுக்காரர்' என்றுதான் எழுதுவீர்கள். பல்செட் செய்வது கௌரவக் குறைச்சலா என்று யோசித்திருக்கிறேன். நம் அப்பாவே அவர் செய்த பல்லைப் போட்டுக்கொண்டுதான் கடைசிவரை முறுக்கு மாதிரிக் கடினமான எதையும் விடாமல் கடித்தார். ஆகவே அது இல்லை.

அந்த ஜன்னலிலிருந்து நீங்கள் என்ன பார்த்தீர்கள் என்று எழுதுங்கள். ஆசிரியை ஓய்வு பெறலாம், "ஏன்?" என்று கேட்பதை நிறுத்த முடியாது.

தங்கை


ஏப்ரல் 2

தங்கைக்கு,

வற்புறுத்துகிறாய். எழுதுகிறேன். படித்துவிட்டு என்னைத் திட்டாதே.

அளவுக்குப் போகும் ஒவ்வொரு நாளும் நின்ற இடம், நேரம், கண்டது எல்லாவற்றையும் ஃபீல்டு புத்தகத்தில் குறிப்பது என் பழக்கம். அன்று ஞாயிறு. வேலை இல்லை. ஆனாலும் வீட்டில் என்ன சொல்லிக் கிளம்புவது? முக்காலியைத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போவதுபோலக் கிளம்பினேன். கை சும்மா இருக்காமல் குறித்தும் வைத்தது. பரணில் இருந்த பெட்டியை இறக்கி அந்தப் பக்கத்தை எடுத்தேன். இருப்பதை இருப்பதுபோல எழுதுகிறேன்:

'தட்டச்சு நிலையம், தெருப்பக்கம், 3-வது ஜன்னல். நடு மேசை 18 அடி, கண்ணளவு. 10.50 தங்கை பேசினாள். முழுதும் கேட்டது. 10.54 அவர் முறை. பேசவில்லை. அவளுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, இடப்பக்கம் பீரோவுக்குப் பின்னால் போனார். இரண்டு ஆண்கள் பின்னால் விரைந்தார்கள். 10.59 மூவரும் திரும்பினார்கள். அவர் வலது கை முழுதும் வெள்ளை. கைதட்டல். கடைசிவரை வாய் திறக்கவில்லை. 11.05 கிளம்பினேன்.'

இதுதான். இனி என் மனதில் இருந்ததையும் சொல்லிவிடுகிறேன். சொல்ல வேண்டிய நேரத்தில் அந்த மனிதர் ஓடப் பார்த்தார். இரண்டு பேர் போய்ப் பிடித்து இழுத்து வந்தார்கள். வரமாட்டேன் என்று சுண்ணாம்புச் சுவரைப் பற்றிக்கொண்டு நின்றிருக்கிறார். கை வெள்ளையானது அப்படித்தான். என் தங்கை அப்பா அம்மாவை எதிர்த்து, பயமில்லாமல் மூன்று வாக்கியம் சொன்னாள். ஊருக்கெல்லாம் பல் கட்டுகிறவர் தன் கல்யாணத்தில் வாயே திறக்கவில்லை.

பிறகு நீ சந்தோஷமாகத்தான் இருந்தாய். என் கண்ணுக்குத் தெரிந்தது. 'சரி, பின்னால் மனம் மாறியிருப்பார்' என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் அவர் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் அந்த முதுகுதான் தெரியும். உன்னிடம் கேட்டால் ஆறின புண்ணைக் கீறுவதாகும் என்று வாயைக் கட்டிக்கொண்டேன்.

இப்போது நீயே சொல். 'இருவரும் உறுதி சொன்னார்கள்' என்று நான் எப்படிக் கையெழுத்துப் போடுவேன்?

அண்ணன்


ஏப்ரல் 9

என் அன்பு அண்ணா,

உங்கள் கடிதத்தை அவருக்கு வாசித்துக் காட்டினேன். கண்ணில் மருந்து விட்டிருந்ததால் அவரால் படிக்க முடியவில்லை. 'சுண்ணாம்புச் சுவரைப் பற்றிக்கொண்டு' என்ற இடத்தில் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். சிரித்து, இருமி, "நிறுத்துடி, தையல் போட்ட கண்ணு" என்று கெஞ்சினார். பிறகு கண்ணாடியை எடுத்துத் துடைத்து மாட்டிக்கொண்டார். "முப்பத்தெட்டு வருஷமா உங்கண்ணன் என்னை ஓடுகாலின்னு நினைச்சுக்கிட்டு, ஆனாலும் வீட்டுக்கு வந்து சௌக்கியமான்னு கேட்டிருக்காரு பாரு. நானா இருந்தா வாசல்லயே ரெண்டு போட்டிருப்பேன்" என்றார்.

அண்ணா, அவர் வாய் திறக்கவில்லைதான். திறந்தால் காற்றுதான் வந்திருக்கும். மூன்று நாள் காய்ச்சல், தொண்டைக்கட்டு. அன்று காலையில் குரல் சுத்தமாகப் போய்விட்டது. தள்ளிப்போடலாமா என்று கேட்டேன். மாட்டேன் என்று தலையாட்டினார். டைப்ரைட்டர் ரிப்பன் வைக்கும் அந்த பீரோ ஞாபகம் இருக்கிறதா? அதற்குப் பின்னால் சுவரோரம் கரும்பலகை இருந்தது. புதுப் பிள்ளைகளுக்கு விசைகளின் வரிசையை எழுதிக்காட்டும் பலகை. அவர் அதில்தான் எழுதினார். பின்னால் ஓடிய இருவரில் ஒருவர் ஆடுகிற தாங்கியைப் பிடித்துக்கொண்டார், மற்றவர் சாக்பீஸ் தேடிக் கொடுத்தார். நான் சொன்ன அதே மூன்று வாக்கியம்:

'உன் வேலையை என் வேலையைப் போலவே மதிப்பேன். கோபம் வந்தால் அன்றைக்கே சொல்வேன், மறுநாளைக்குக் கொண்டுபோக மாட்டேன். இன்றிலிருந்து நாம் ஒரு வீடு.'

கையெழுத்து கோழி கிளறியதுபோல இருந்தது. 'மறுநாளைக்கு' வரும்போது பலகையில் இடம் போதாமல் மேல்நோக்கி ஏறிவிட்டது. எல்லாரும் இருந்த இடத்திலிருந்தே அதைப் படித்துவிட்டுத்தான் கை தட்டினார்கள். உங்கள் ஜன்னலுக்கு பீரோவின் முதுகுதான் தெரிந்திருக்கும். இரண்டடி தள்ளி, இரண்டாவது ஜன்னலில் நின்றிருந்தால் பலகை முழுதும் தெரிந்திருக்கும். இத்தனை நிலம் அளந்தவருக்கு இப்படி ஓர் இரண்டடி!

உங்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை என்று எழுத உட்கார்ந்தேன். அது முழு உண்மை இல்லை. கொஞ்சம் இருக்கிறது, எங்கள் இரண்டாவது வாக்கியத்தின்படி இன்றைக்கே சொல்லிவிடுகிறேன். ஒரே ஒரு தடவை கேட்டிருக்கலாம், அண்ணா. நானும்தான். ஜன்னலில் உங்களைப் பார்த்தேன் என்று அன்று சாயங்காலமே நான் வந்து சொல்லியிருந்தால் நீங்கள் கேட்டிருப்பீர்கள். ஆளுக்குப் பாதி.

கையெழுத்தை இனி நான் கேட்க மாட்டேன். நீங்கள் பலகையைப் பார்க்கவில்லை. பார்த்தேன் என்று எழுதச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. புதுத் தேதியே ஆகட்டும். மகள் சாப்பாட்டுக்கு வருகிறாள், நீங்களும் வாருங்கள்.

தங்கை


ஏப்ரல் 20

தங்கைக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஒரு வாரம் நான் யாரோடும் பேசவில்லை. உன் அண்ணி முதல் நாள் பயந்தாள், மூன்றாவது நாள் நிம்மதியாக இருக்கிறது என்றாள்.

நிலம் அளப்பதில் எங்களுக்கு முதல் பாடம்: கண்டதைப் புத்தகத்தில் எழுது, நினைத்ததை எழுதாதே. அந்தப் பாடத்தைப் பக்கம் பக்கமாகக் கடைப்பிடித்திருக்கிறேன். மறுபடி அந்தப் பக்கத்தைப் பார். 'ஓடினார்' என்று அதில் இல்லை. 'சுவர்' என்றும் இல்லை. அவை இரண்டும் என் தலைக்குள் மட்டும் இருந்தவை. புத்தகம் சரி. ஆள்தான் தப்பு.

அந்த ஏழாம் வகுப்புப் பெண்ணுக்கு நீ சொன்ன பதிலும் தப்பு. நீ கேட்டிருக்க வேண்டியது: "உனக்கு என்ன தெரிஞ்சுது?" அவள், "தலைக்கு மேல ஆவி தெரிஞ்சுது" என்றிருப்பாள். "அப்போ ஆவி பார்த்தேன்னு எழுது" என்றிருக்க வேண்டும்.

ஆகவே ஆவி பார்த்தேன் என்று எழுதியிருக்கிறேன். இதோடு சாட்சி அறிக்கை இருக்கிறது. படிவத்தில் அச்சடித்த வாக்கியத்தை அடித்துவிட்டேன். நின்ற இடம், நேரம், நீ சொன்ன மூன்று வாக்கியம், அவர் பீரோவுக்குப் பின்னால் போனது, ஐந்து நிமிடம், வலது கையில் வெள்ளை, கைதட்டல். பலகையைப் பார்க்கவில்லை என்பதையும் எழுதினேன். ஏற்பதும் ஏற்காததும் அந்த அதிகாரிப் பெண்ணின் பாடு. ஃபீல்டு புத்தகத்தைத் தபாலில் அனுப்ப மாட்டேன், கையில் கொண்டுவருகிறேன். அடுத்த மாதம் ஒன்பதாம் தேதி காலை ரயில். அண்ணியும் வருகிறாள்.

மாப்பிள்ளையிடம் இதை வாசித்துக் காட்டு. சிரிப்பார். சிரிக்கட்டும். தையல் பத்திரம்.

அண்ணன்


ஜூன் 11

அன்புள்ள அண்ணனுக்கு,

நீங்கள் நலமாக ஊர் போய்ச் சேர்ந்ததை அண்ணி எழுதினாள். பதிவு அலுவலகத்தில் உங்கள் காதில் விழாமல்போனதை எழுதச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்கள். அதுதான் இந்தக் கடிதம்.

"உள்ள வரவே இல்லையா சார்?" என்று அந்த அதிகாரிப் பெண் கேட்டதும், "எங்கப்பாவுக்கு வாக்கு" என்று நீங்கள் கட்டடமே அதிரச் சொன்னதும் உங்களுக்குத் தெரியும். அதன் பிறகு அவள் உங்கள் ஃபீல்டு புத்தகத்தையும் டைப்பிஸ்ட் அக்காவின் அறிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தாள். அக்கா, "பத்தே முக்காலுக்கு மேல, பதினொண்ணுக்குள்ள" என்று சொல்லியிருந்தாள். நீங்கள் பத்து ஐம்பத்து நான்கு என்று எழுதியிருக்கிறீர்கள். அக்கா, "சாக்பீஸ் உடைஞ்சு கையெல்லாம் பூசிக்கிச்சு" என்று சொல்லியிருந்தாள். நீங்கள் வலது கை வெள்ளை என்று எழுதியிருக்கிறீர்கள். பிறகு எழுந்து மேலதிகாரியின் அறைக்குப் போனாள். வந்து சொன்னது இதுதான்: "சாட்சிங்க ரெண்டு பேரும் ஒரே இடத்துல நிக்கணும்னு சட்டத்துல இல்ல. உள்ளேயிருந்து ஒருத்தர், வெளியேயிருந்து ஒருத்தர். ரெண்டும் ஒரே சாக்பீஸ்ல வந்து முடியுது. பேசிவெச்சுக்கிட்டு வர்றவங்ககிட்ட இப்படி இருக்காது டீச்சர்."

முத்திரை குத்தும்போது அவர் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். நீங்கள் அவர் தோளைத் தட்டி, "மாப்பிள்ளை, இப்பவாவது வாயைத் திறந்து சொல்லுங்க" என்றீர்கள். அது எல்லார் காதிலும் விழுந்தது.

சான்றிதழ் வந்துவிட்டது. பழைய தேதி. ஃபிரேம் போடலாம் என்றார் அவர். வேண்டாம், ரேஷன் அட்டையோடு இருக்கட்டும் என்றேன். நேற்று இடது கண்ணுக்கும் புரை எடுத்தார்கள். அதே கவுன்ட்டர், அதே பெண். என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள். நான் காகிதத்தை நீட்டினேன். தேதியைப் படித்துவிட்டு, "நான் பிறக்கறதுக்கு முன்னாடியேவா!" என்றாள். கட்டத்தில் 'மனைவி' என்று எழுதினாள், அடியில் ஒரு கோடும் போட்டாள். ஸ்ட்ரெச்சரில் படுத்துக்கொண்டே அவர், "தெரிந்தவர்ல இருந்து பதவி உயர்வு. பார்ட்டி எப்போ?" என்றார்.

ஒரு விஷயம் பாக்கி இருக்கிறது. நீங்கள் கிளம்பிய அன்று, அண்ணி சமையலறையில் என்னோடு பாத்திரம் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "கல்யாணத்தன்னிக்கு உங்கண்ணன் என்கிட்ட பேசினது ஒரே ஒரு வார்த்தை. 'தள்ளி நில்லு, போட்டோவுல நிழல் விழுது.' அதுவும் வாக்குறுதிதான்னு இத்தனை வருஷம் ஓட்டிட்டேன்." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் துடைத்த தட்டையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தாள்.

எங்கள் மூன்று வாக்கியத்தையும் கொட்டை எழுத்தில் தனித் தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, அண்ணி கையில் இருக்கும் வேலையை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, அவள் எதிரில் நின்று அந்தத் தாளை ஒருமுறை சத்தமாகப் படியுங்கள்.

உங்கள் தங்கை